ஜப்பான் மிஸ்ஸியம்மா ஏலத்தில் எடுத்த வாழைத்தார்

அந்த வாரம் நடந்தவை, வரிசையாக:

1. ஜப்பானிலிருந்து ஓர் இளம் மிஷனெரி பாளையங்கோட்டைக்கு வந்தார். தனியாக வந்தார்.
2. மிஷன் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் என்னை அவருக்குத் துணையாக அனுப்பினார்கள்.
3. ரயிலிலும் மாட்டுவண்டியிலுமாக ஜில்லாவில் பாதியைச் சுற்றினோம்.
4. சிநேகிதமானோம். இது பிரயாணத் திட்டத்தில் இல்லை.
5. ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் அவர் ஒரு வாழைத்தாரை எடுத்தார். எடுத்தது அவருக்குத் தெரியாது.
6. எனக்குத் தண்டனை விதித்தார்கள்.

ஆறாவது புரிய வேண்டுமானால் ஆழ்வார்குறிச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே மிஷன் ஒரு சிறிய டிஸ்பென்சரியைக் கட்டி, சுண்ணாம்பு அடித்து, பூட்டி வைத்திருந்தது. மருந்து கொடுக்க ஆளில்லை. நான் சென்னையில் அந்தப் படிப்பைப் படித்துத் தேறியவள். என்னை அனுப்புங்கள் என்று சபைக் கமிட்டியிடம் பலமுறை கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஜெபம் செய்துவிட்டு ஒரே பதிலைச் சொன்னார்கள்: கலியாணமாகாத பெண் வேற்றூரில் தனியாக இருப்பது பத்திரமல்ல. கமிட்டியில் மூத்தவர் ஜவுளிக்கடை அண்ணாச்சி. அவர் சொன்னால் கமிட்டி சொன்ன மாதிரி.

அதே கமிட்டிதான், கலியாணமாகாத ஒரு பெண் தனியாகக் கடல் தாண்டி வந்ததற்கு மாலை போட்டது. ஸ்திரீகளை ஆண்டவர் எவ்வளவாய்ப் பலப்படுத்துகிறார் என்று ஒரு நீண்ட பிரசங்கமும் நடந்தது. பிரசங்கித்தவர் அண்ணாச்சி. நான் அதை வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன்.

எங்கள் இருவருக்கும் வெள்ளைக்கார அம்மாமார் கற்றுக்கொடுத்த ஆங்கிலம். ஆகவே மழை வெயிலைப் பற்றியும் இரட்சிப்பைப் பற்றியும் தடையில்லாமல் பேச முடிந்தது. மற்றவற்றுக்குக் கைகள் இருந்தன. சுடுகிற மத்தியானத்தில் அவர் குளிக்க வெந்நீர் கேட்டார். சமையற்காரி காய்ச்சல் என்று நினைத்துக் கஞ்சி வைத்தாள். இடியாப்பத்தைக் கையால் எடுக்கத் தயங்கியவர், நான் மருந்து கலக்கும் கண்ணாடிக் குச்சிகள் இரண்டைக் கேட்டு வாங்கி, ஒரு இழை சிந்தாமல் சாப்பிட்டு முடித்தார். அன்றிலிருந்து அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

போன இடமெல்லாம் கூட்டம். ரஷ்யாவை ஜப்பான் ஜெயித்து அதிக காலம் ஆகவில்லை. வேதம் கேட்க வந்தவர்களை எண்ண விரல்கள் தேவைப்படவில்லை. திசையன்விளையில் ஒரு கருப்பட்டி வியாபாரி நேராகவே கேட்டார்: "வெள்ளக்காரன எப்படி அடிச்சாவ? அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க தாயி. வேற ஒண்ணும் வேண்டாம்."

எங்கள் ஆஸ்பத்திரித் தலைவியான ஆங்கிலேய மிஸ்ஸியம்மாவும் அந்த ஊருக்கு வந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பல வருஷம் இங்கே இருந்தும் வேதாகமத் தமிழைத் தவிர வேறு தமிழ் காதில் ஏறாதவர். என்ன கேட்கிறார் என்றார். பிரயாணம் சுகமா என்று விசாரிக்கிறார் என்றேன். மிஸ்ஸியம்மா நெகிழ்ந்துபோனார்.

ஆழ்வார்குறிச்சியில் என் சிநேகிதியை டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனேன். ஜன்னல் வழியாகப் பார்த்தோம். அலமாரி, மேஜை, தராசு எல்லாம் இருந்தன.

"ஏன் பூட்டியிருக்கிறது?"

"ஆண்பிள்ளை கிடைக்கவில்லை."

"மருந்து ஆண்பிள்ளை கொடுத்தால்தான் வேலை செய்யுமா?"

"கமிட்டி அதை இன்னும் ஆராயவில்லை."

அவர் சிரிக்கவில்லை. பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

பண்டிகைக்குப் பாளையங்கோட்டை திரும்பினோம். ஆராதனை முடிந்ததும் ஜனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த சேவல், பூசணி, ஆட்டுக்குட்டி எல்லாவற்றையும் ஏலம் விடுவது வழக்கம். முதலில் வருவது வாழைத்தார். அது அண்ணாச்சிக்கு. எங்கும் எழுதப்படாத சட்டம். மற்றவர்கள் மரியாதைக்கு ஒருமுறை கேட்டுவிட்டு ஒதுங்கிவிடுவார்கள். பெரிய மனிதர்கள் வாய் திறந்து கேட்பதும் கிடையாது. தலையை அசைத்தால் போதும், ஏலம் விடும் உபதேசியார் விலையை ஏற்றிச் சொல்லுவார்.

விருந்தாளிக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். நான் பின்னால் பெண்கள் பாயில், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு அந்தப் பக்கம்.

அண்ணாச்சி தலையசைத்தார். அசைத்துவிட்டு, மரியாதையாக விருந்தாளி பக்கம் பார்த்தார். அவர் பதிலுக்குத் தலை குனிந்தார். உபதேசியார் விலையை ஏற்றினார். அண்ணாச்சி இன்னும் பலமாக அசைத்தார். என் சிநேகிதியின் ஊரில், மூத்தவர் ஒருவர் குனிந்தால் அவரைவிடத் தாழக் குனியாதது அவமரியாதை. அவர் எழுந்து நின்று குனிந்தார்.

ஆண்கள் பக்கம் உற்சாகமாகிவிட்டது.

"அண்ணாச்சி, விட்டிராதிய."

"ரஷ்யாக்காரனே தோத்துட்டான் வே. அண்ணாச்சி எம்மாத்திரம்?"

"பைய உக்காருங்க அண்ணாச்சி. கழுத்து சுளுக்கிரப் போவுது."

நான் பிள்ளைகளைத் தாண்டி முன்னால் போய்ச் சேர்ந்தபோது அண்ணாச்சியின் கழுத்து ஓய்ந்திருந்தது. வாழைத்தார் ஜப்பானுக்குப் போயிற்று. ஆங்கிலேய மிஸ்ஸியம்மா பெருமூச்சு விட்டுப் பணத்தைக் கட்டினார். "எவ்வளவு பணிவான மனிதர்" என்றார் என் சிநேகிதி. "இந்தப் பழம் எனக்குப் பரிசா?"

சாயங்காலமே கமிட்டி கூடியது. என்னை வாசலில் நிறுத்தியிருந்ததால் எல்லாம் நன்றாகக் கேட்டது.

"ஒரு விருந்தாளிக்கு நம்ம வழக்கத்தச் சொல்லிக்குடுக்கத் துப்பில்ல, இதெல்லாம் என்ன படிப்பு?" என்றார் அண்ணாச்சி. "இந்தப் பிள்ள இனி இங்கன இருக்கப்பிடாது. தூரமா அனுப்புங்க. ஆழ்வார்குறிச்சி பூட்டித்தான கெடக்கு?"

பத்திரம் என்னவாயிற்று என்று யாரும் கேட்கவில்லை. அன்று ஜெபம்கூடச் சுருக்கமாக முடிந்தது. தீர்மானத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

நடந்ததைச் சொன்னதும் என் சிநேகிதிக்கு முகம் வெளுத்தது. தண்டனை அல்ல, நான் கேட்டுக்கொண்டிருந்ததே அதுதான் என்று விளக்கினேன். புரிந்துகொண்டார். ஆனாலும், "உன் சந்தோஷம் வேறு. நான் ஒரு பெரியவரைச் சபையில் அவமதித்தது வேறு" என்றார். மறுநாள் காலை வாழைத்தாரை வண்டியில் ஏற்றி அண்ணாச்சி வீட்டுக்குப் போனோம்.

கூடத்தில் என் சிநேகிதி மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தார். அண்ணாச்சி பதறிப்போனார். "எந்திரிக்கச் சொல்லும்மா."

"இத்தன வருசத்துல நான் ஒருநாள் இப்படி விழுந்ததுண்டா?" என்றாள் அவர் மனைவி, கதவுப் பக்கமிருந்து. "நல்லா பாத்துக்கிடுங்க. இனிமே கிடைக்காது."

அண்ணாச்சி உருகிவிட்டார். "சரி, போவட்டும். கமிட்டில நான் சொல்லிருதேன். நீ இங்கனயே இரு தாயி. அந்தக் காட்டுக்கெல்லாம் போவாண்டாம்."

மொழிபெயர்த்தேன். என் சிநேகிதி என்னைப் பார்த்தார்.

"உங்க பிரியம் அண்ணாச்சி" என்றேன். "தீர்மானம் எழுதியாச்சு. ஒரு பொம்பள விழுந்து கும்பிட்டதும் அண்ணாச்சி மாத்திட்டாவன்னு ஊர்ல நாலு பேரு சொல்லுவாவ. நீங்க அதையெல்லாம் பாக்க மாட்டிய."

அண்ணாச்சி வெற்றிலையை மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார்.

"அதெப்படி மாத்த முடியும்?" என்றார் கடைசியில். "எழுதினா எழுதினதுதான். திங்கக்கெழம ரயிலேறு."

வாழைத்தாரை மட்டும் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார்.

என் சிநேகிதி தூத்துக்குடியில் கொழும்புக் கப்பல் ஏறினார். ஒருவருக்கொருவர் குனிந்துகொண்டோம், தாழக் குனிந்தவர் யார் என்பதில் எங்களுக்குள் இன்னும் தீர்ப்பாகவில்லை.

டிஸ்பென்சரி இப்போது தினமும் காலையில் திறக்கிறது. கண்வலியும் காய்ச்சலும் அதிகம். பெண்கள் பக்கத்து ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். நான் தனியாகத்தான் இருக்கிறேன். காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா தீரப்போகிறது, கமிட்டிக்கு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை.