பக்கத்து அறையில் அவர் விழித்திருந்தார்

நாகர்கோவில் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் நெறிமுறைக் குழு என்று ஒன்று இருக்கிறது. சிகிச்சையைத் தொடர்வதா, விடுவதா என்று டாக்டரும் வீட்டாரும் முட்டிக்கொண்டு நிற்கும்போது அதைக் கூட்டுவார்கள். டாக்டர்களோடும் ஒரு வக்கீலோடும் மருத்துவம் அறியாத பொதுமனிதன் ஒருவனும் அதில் உட்கார வேண்டுமாம். ஒன்றும் தெரியாத ஆளாகத் தேடியபோது என் பெயர் அடிபட்டிருக்கிறது. பத்திரிகையில் வேடிக்கையாக எழுதிப் பிழைக்கிறவன் நான். பெருமையோடு ஒத்துக்கொண்டேன். மரணத்தைப் பற்றிய புத்தகங்களே என் அலமாரியில் ஒரு தட்டு நிறைய உண்டு.

எனக்கு முதல் கூட்டம், கடற்கரை ஊர்ப் பெரியவர் ஒருவருக்காக. அவருடைய நுரையீரல் இரண்டும் சுருங்கிவிட்டன, இனிச் சரியாகாது. முகத்தில் மாஸ்க் மாட்டி ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் போதாமல் போனால் தொண்டைக்குள் குழாய் இறக்கி வென்டிலேட்டரில் போடுவதா, வேண்டாமா? போட்டால் கழற்றவே முடியாமல் போகலாம்.

மகள் நேரில் வந்திருந்தார். ஊரில் தையல் கடை வைத்திருப்பவர். தம்பி மஸ்கட்டிலிருந்து வீடியோ காலில். போனைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்திருந்தோம்.

"குழாய் போடாண்டாம்னு அப்பா எங்கிட்டச் சொல்லியாச்சு சார்" என்றார் மகள். "அடுத்த கட்டில்ல கிடந்தவரப் பாத்துட்டுச் சொன்னாரு. 'என்னைய அப்பிடிக் கெட்டிப் போட்டிராத மக்கா'ன்னு."

"அது வேதனையில சொன்னதாக்கும் அக்கா. லீவு கேட்டிருக்கேன். வந்து ஒருக்கா முகத்தப் பாக்காண்டாமா? நீ பக்கத்துல இருக்க, உனக்கென்ன."

"பக்கத்துல இருக்கதுனாலதாம்லே சொல்லுதேன்."

அவன் போனுக்குள் அழ ஆரம்பித்தான். சாயாவும் பழம்பொரியும் வந்தன. கூட்டத்துக்கு வந்திருந்த நர்சம்மாவிடம் கேட்டேன்: "அவருக்கு ஓர்மை இருக்கா?"

"நல்லா இருக்கு. காலைலகூட சாயாவுல சீனி இல்லைன்னு சண்டை பிடிச்சாரு."

"பின்னே, அவர்ட்டயே…"

"நேராக் கேட்டா மனசு விட்டுருவாரு சார்" என்றார் தலைமை டாக்டர். எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான். நம் பக்கத்தில் அதுதானே வழக்கம்: வராந்தாவில் நின்று உண்மையைப் பேசிவிட்டு, உள்ளே போய் 'ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிரலாம்' என்பது. என் அப்பாவிடம் நான் கடைசியாகச் சொன்னதும் அதுவே. பெரியவரின் கட்டில் நாங்கள் இருந்த அறையிலிருந்து பன்னிரண்டு அடி தூரம். பழம்பொரி சூடாக இருந்தது.

"எழுத்தாளர் என்ன சொல்லுதிய?" என்றார் டாக்டர்.

"மகன் வரும்வரை காத்திருப்பதும் ஒரு சிகிச்சைதான். அப்பாவுக்கு இல்லாவிட்டாலும் மகனுக்கு" என்றேன், எழுத்துத் தமிழில். ஆஹா என்றார்கள். வக்கீல் அதை அப்படியே மினிட்ஸ் நோட்டில் எழுதிக்கொண்டார். நான் எழுதியும் பேசியும் தீர்த்தவற்றில் உடனே அமலுக்கு வந்த வாக்கியம் அது ஒன்றுதான். மறுநாள் மாஸ்க் போதாமல் மூச்சு முட்டியதும் குழாய் போட்டார்கள்.

மகனின் லீவு தள்ளிக்கொண்டே போயிற்று. ஒன்பதாம் நாள் வடசேரிச் சந்தையில் காய்கறி வாங்கிவிட்டு, முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்த பையுடன் பெரியவரைப் பார்க்கப் போனேன். பையை வெளியே வைக்கச் சொன்னார்கள். உள்ளே, குழாயைப் பிடுங்கிவிடாதபடி அவருடைய இரண்டு மணிக்கட்டையும் துணிநாடாவால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். கடலில் வலை இழுத்த கைகள். கட்டின் முடிச்சு மட்டும் சரியில்லை. அவர் போட்டிருந்தால் ஒழுங்காகப் போட்டிருப்பார். கண் திறந்திருந்தது.

குனிந்து கேட்டேன்: "ஐயா, இந்தக் குழாய் வேண்டாமா? எடுத்திரவா?"

தலையை மேலும் கீழுமாக ஆட்டினார். எனக்கு நிச்சயம் போதவில்லை. மறுபடி கேட்டேன். மறுபடியும் ஆட்டினார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் எடுக்கப்போகிறேன் என்று.

"அன்னைக்குக் கேட்டிருந்தா வாயாலயே சொல்லியிருப்பாரே அண்ணே" என்றார் கட்டிலருகே நின்ற மகள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

தலைமை டாக்டரிடம் ஓடினேன். அவர் என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "போடாம இருக்கது வேற, போட்டத எடுக்கது வேற. அதுக்குத் திரும்பக் கமிட்டி கூடணும். வியாழக்கிழமை வச்சிருவோம்."

செவ்வாய்க்கிழமை அவர் இறந்துபோனார். மகன் அன்று சாயங்காலம்தான் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கினான்.

வியாழக்கிழமைக் கூட்டம் நடந்தது, வேறொரு நோயாளிக்காக. முதலில், போன கூட்டத்து மினிட்ஸைப் படித்தார்கள். என் வாக்கியம் வந்தது. அந்த வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

"நல்லா வந்திருக்கே சார், கிடக்கட்டும்" என்றார் வக்கீல்.

நோட்டை என் பக்கம் நகர்த்தினார்கள். கையெழுத்துப் போட்டேன்.