பதினெட்டு மீட்டர் கம்பி

பிப்ரவரி 3. தொலைபேசி இணைப்போடு இணையமும் சேர்க்கக் கட்டணம்: 850
பிப்ரவரி 9. மோடம், பெட்டிக்குள் யு.எஸ்.பி. கம்பியோடு: 1,400
பிப்ரவரி 9. கணினிக்கு நெட்வொர்க் கார்டு: 400
பிப்ரவரி 9. ஈதர்நெட் கம்பி, பதினெட்டு மீட்டர்: 360
மார்ச் 22. அதே கம்பிக்கு முனை மாற்றிய வகையில்: 50
ஏப்ரல் 2. யு.எஸ்.பி. கம்பி, பெட்டியிலேயே இருந்தது: 0

அந்தத் தெருவில் அதை டிரைவர் வீடு என்றுதான் சொல்வார்கள். டிரைவர் லாரியை விட்டு இறங்கி ஐந்து வருடமாகிறது. இறங்கினார் என்பதைவிட விழுந்தார் என்பதே சரி. சரக்கின் மேல் தார்ப்பாய் கட்டும்போது கயிறு அறுந்து, இடுப்பெலும்பு உடைந்தது. அது சேர்ந்தாலும் கோணலாகத்தான் சேர்ந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கழிவறை வரை போவார், திரும்பி வந்து படுப்பார். அதற்குள் அவருக்கு வேர்த்துவிடும்.

அன்றிலிருந்து வீட்டுக்குச் சம்பாத்தியம் மனைவியுடையது. டாக்டர்கள் வாயால் சொல்லிப் பதிவு செய்யும் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. காதில் ஹெட்போன், காலடியில் ஒரு பெடல். மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் நிறுத்திக்கொள்வார். சாப்பிடப் போகும்போதும் கழற்ற மறந்து கழுத்தில் போட்டுக்கொண்டே போவதால், அலுவலகத்தில் அவளுக்கு ஹெட்போன் அக்கா என்று பெயர். நாளடைவில் வெறும் அக்கா ஆனாள்.

அலுவலகத்துக்கு மூன்று பஸ் மாற வேண்டும். விடிந்ததும் கிளம்பினால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு. நடுவில் பக்கத்து வீட்டம்மா ஒரு தடவை எட்டிப் பார்ப்பாள். ஜனவரியில் ஒருநாள் அந்த அம்மாள் எட்டிப் பார்க்க மறந்த வேளையில், டிரைவர் கழிவறை வாசலில் விழுந்து, அக்கா வரும்வரை தரையிலேயே கிடந்தார். "டைல்ஸ் நல்லா குளுகுளுன்னு இருந்துச்சு" என்று சிரித்தார். அக்காவால் சிரிக்க முடியவில்லை. மறுநாளே சூப்பர்வைசரிடம் போய் நின்று, வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கேட்டாள்.

மூன்று மாதச் சோதனைக்கு ஒப்புக்கொண்டு, கணினியும் பெடலும் கொடுத்தனுப்பினார்கள். இணையம் நடுவில் அறுந்தால், அவள் கையிலிருக்கும் பதிவு தானாக வேறு ஆளுக்குப் போய்விடும். அது அவள் விட்ட வேலை என்று கணக்காகும். அப்படி அடிக்கடி நடந்தால் பழையபடி மூன்று பஸ். டிரைவர் பழையபடி தனியாக.

இணைப்புக் கொடுக்க வந்த லைன்மேனுக்கு டிரைவர் வயது இருக்கும். மோடத்தின் முதுகைத் திருப்பிக் காட்டினார்.

"ரெண்டு வாய் இருக்கும்மா. சதுரமா இருக்கிறது யு.எஸ்.பி. போன் வயர் சொருகுற மாதிரி, கொஞ்சம் பெரிசா இருக்கிறது ஈதர்நெட். எதுல மாட்டினாலும் ஓடும். ஒரே கம்ப்யூட்டருக்கு ரெண்டையும் சேர்த்து மட்டும் மாட்டிடாதீங்க, அது குழம்பிப் போயிடும்."

"எது நல்லதுங்க?"

"உங்க லைன்ல வர்ற வேகத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான். யு.எஸ்.பி. கம்பி பெட்டியிலேயே இருக்கு, தனிக் காசு கிடையாது. ஆனா குட்டிக் கம்பி. பெரிசா வாங்கினாலும் அஞ்சு மீட்டருக்கு மேல நம்ப முடியாது. மோடம் பக்கத்துலேயே உக்காரணும். ஈதர்நெட்னா நூறு மீட்டர் வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போகலாம். கம்ப்யூட்டர்ல ஒரு கார்டு போடணும், அவ்வளவுதான். நீங்க எங்க உக்காரப் போறீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல."

அக்கா கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வீட்டில் போன் இருப்பது பின்னறையில், டிரைவரின் கட்டில் தலைமாட்டில். லோடு வந்திருக்கிறது என்று எந்நேரமும் கூப்பிடுவார்கள் என்பதற்காக அந்தக் காலத்தில் அங்கே வைத்தது. மோடமும் அங்கேதான் இருந்தாக வேண்டும்.

"இங்கயே உக்காரட்டுமே" என்றார் டிரைவர், கட்டிலிலிருந்து. "சும்மா வர்ற கம்பியை விட்டுட்டு எதுக்குத் தண்டச் செலவு?"

"போன் லைனையே முன்ரூமுக்குக் கொண்டு போயிட்டா?" என்று அக்கா கேட்டாள்.

"இது என் வயசு வயரும்மா. இன்னொரு ஒட்டுப் போட்டா சிக்னல் படுத்துடும்."

"ஏற்கனவே இங்க ஒருத்தன் படுத்திருக்கேன். அது போதும்பா" என்றார் டிரைவர். லைன்மேன் விழுந்து விழுந்து சிரித்தார்.

அக்கா முன்னறையைத்தான் சொன்னாள். காரணம் கேட்டதற்கு, இங்கே ரேடியோ சத்தத்தில் டாக்டர் பேசுவது காதில் விழாது என்றாள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அவருடைய இருமல், பேச்சு, தண்ணீர், தலையணை, ஜன்னலைத் திற, ஜன்னலைச் சாத்து என்று ஐந்து வருடம் ஓடிவிட்டது. பகலில் எட்டு மணி நேரம், நடுவில் ஒரே ஒரு கதவு அவளுக்கு வேண்டியிருந்தது. அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. பதினெட்டு மீட்டர் கம்பி வாங்கி, கதவு நிலையின் மேலாக ஆணி அடித்து, நடை வழியாக முன்னறை மேஜைக்குக் கொண்டு போனார்கள்.

முதல் மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. ஜன்னலோரம் மேஜை, அதன் மேல் ஒரு டம்ளர் தேநீர், காதுக்குள் யாரோ ஒரு டாக்டர். காலையும் மதியமும் எழுந்து போய் டிரைவரைப் பார்த்துவிட்டு வருவாள். மார்ச் தொடக்கத்தில் ஒரு காலை, டாக்டர் பாதிப் பேச்சில் நின்றுபோனார். பெடலை மிதித்தாள், சத்தமில்லை. ஹெட்போனை வீசிவிட்டுப் பின்னறைக்கு ஓடினாள். மோடம் செத்த பூச்சி மாதிரி கிடந்தது. பிறகு ஒவ்வொரு விளக்காக எரியத் தொடங்கியது. எல்லாம் நிலைத்து எரிய மூன்று நான்கு நிமிடம் பிடிக்கும். அதுவரை கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, நின்னு போச்சா?" என்றார் டிரைவர்.

"ஆமா. என்னன்னு தெரியலை."

"வந்துடும். பதறாதே. உன் கண்ணெல்லாம் ஏன் இப்படிச் செவந்திருக்கு?"

அதற்குப் பிறகு நாளுக்கு ஒரு தடவை, சில நாள் இரண்டு தடவை. அவள் ஓடுவாள், உட்காருவாள், விளக்குகள் எரியும், எழுந்து போவாள். அதற்குள் பதிவு வேறு ஆளிடம் போயிருக்கும். மார்ச் இருபதுக்குள் அலுவலகத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சூப்பர்வைசர் போனிலும் சொன்னாள்.

"அக்கா, உங்களுக்காக நான் மேல பேசித்தான் வாங்கிக் கொடுத்தேன். இன்னும் ரெண்டு வாரம் இப்படியே போச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாதுக்கா."

கம்பியின் முனையை மாற்றினார்கள். அப்படியும் நின்றது. ஏப்ரல் முதல் தேதி லைன்மேன் மறுபடி வந்து, லைனைச் சோதித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"லைன் கல்லு மாதிரி இருக்கு. சரி, நெட்டு போனதும் நீங்க ஓடி வர்றப்போ, இதுல எந்த லைட் எரியும்?"

"ஒண்ணும் எரியாது. அப்புறம் ஒண்ணொண்ணா வரும்."

"லைன் போனா ஒரு லைட்டுதான் போகும்மா. எல்லாமே அணைஞ்சதுன்னா கரண்ட்டுதான் போயிருக்கணும்."

"முன்ரூமுல கம்ப்யூட்டர் அணையவே இல்லையே" என்றாள் அக்கா.

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. மோடத்தின் ஒயர் போகும் ஸ்விட்ச் போர்டைப் பார்த்தாள். அது கட்டிலில் படுத்தபடி கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது. லைன்மேனும் பார்த்தார். டிரைவர் ரேடியோவைக் கையில் எடுத்து, ஏற்கனவே நன்றாகப் பாடிக்கொண்டிருந்த நிலையத்தைத் தேடத் தொடங்கினார்.

"ஸ்விட்ச் லூசா இருக்கும்" என்றார் லைன்மேன், யாரையும் பார்க்காமல். "நான் வர்றேம்மா. வர்றேண்ணே."

அவர் போனதும் அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கத்துவதற்குத் தெம்பு இல்லை.

"எதுக்குங்க?"

டிரைவர் ரேடியோவை அணைத்தார். 

"கூப்பிட்டா வர்றியா நீ? காதை ரெண்டையும் பொத்திக்கிட்டு உக்கார்ந்திருக்கே. அன்னிக்குத் தண்ணிக்குக் கத்திக் கத்தித் தொண்டை போச்சு. ஒரு நாள் கைதவறி ஸ்விட்ச்சு அணைஞ்சுது. உடனே ஓடி வந்தே. அட, இது நல்லா இருக்கேன்னு பட்டுச்சு."

"தினமும் தண்ணியா கேட்டீங்க?"

"இல்லை. சும்மாதான். லைட்டு வர்ற வரைக்கும் உக்கார்ந்திருப்பியே, அதுக்குத்தான். நீ ஓடி வர்ற சத்தம் கேட்டதும் திருப்பிப் போட்டுடுவேன்."

"அந்த வேலை போச்சுன்னா நான் காலையில கிளம்பி ராத்திரிதான் வருவேன். அது தெரியுமா உங்களுக்கு?"

"வெறும் நாலு நிமிஷம் நின்னா வேலை போகும்னு எனக்கென்ன தெரியும்? லாரிதான் வழியில நாள் கணக்கா நின்னிருக்கு. அதுக்காக என்னை வேலையை விட்டு எடுத்தானா?"

அது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரியும். விட்ட வேலை, கணக்கு, எச்சரிக்கை என்று அவரிடம் அவள் ஒன்றும் விளக்கியதில்லை. வலியோடு கிடப்பவரிடம் எதற்கு என்று விட்டிருந்தாள். தவிர, இந்த அறைக்கு வந்தால் சீக்கிரம் எழுந்து போவதிலேயே அவள் குறியாக இருந்தாள்.

சூப்பர்வைசருக்கு அன்று மாலை போன் செய்து, ஸ்விட்ச் கெட்டுவிட்டது, சரி செய்தாயிற்று என்றாள்.

"பழைய ஸ்விட்ச்சாக்கா?"

"ஆமாம்மா. ரொம்பப் பழசு."

கட்டிலில் டிரைவர் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் பக்கத்து வீட்டம்மாவும் அவளுமாக மேஜையைப் பின்னறைக்குத் தள்ளினார்கள். வாசலில் இடித்து ஒரு கால் ஆட்டம் கண்டது; அடியில் அட்டையை மடித்து வைத்தாள். பெட்டியைத் தேடி எடுத்து, உறைகூடப் பிரிக்காத யு.எஸ்.பி. கம்பியை மாட்டினாள். அதற்கென்று வந்த குறுந்தகட்டைப் போட்டு இரண்டு தடவை முயன்ற பிறகு கணினி மோடத்தை ஒப்புக்கொண்டது. ஈதர்நெட் கம்பியை ஆணியிலிருந்து கழற்றிச் சுருட்டி, கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டாள். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் நாற்காலி சரியாக அடங்கியது. திரும்பினால் முழங்கை அவர் தலையணையில் படும்.

அதன் பிறகு இணையம் ஒருநாள்கூட நிற்கவில்லை. வேறு தொல்லை வந்தது. ஹெட்போனையும் மீறி ரேடியோ உள்ளே நுழைந்தது. ஒரு நோயாளிக்கு இடது காலில் லேசான மழைக்கு வாய்ப்பு என்று அவள் தட்டச்சு செய்து அனுப்பிய குறிப்பை, சூப்பர்வைசர் போன் போட்டுப் படித்துக் காட்டிச் சிரித்தாள்; பிறகு, இது மட்டும் டாக்டர் கைக்குப் போயிருந்தால் என்று சிரிப்பை நிறுத்தினாள். அக்கா அதை டிரைவரிடம் சொன்னாள். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சிரித்துச் சிரித்து இருமினார். இருமி முடித்து, ரேடியோவை எடுத்துத் தலையணைக்கு அடியில் செருகினார். அவள் பெடலிலிருந்து காலை எடுக்கும் நேரம் பார்த்து மட்டும் பேசப் பழகிக்கொண்டார். ஒரு லாரிக்காரனுக்குப் பெடல் பார்ப்பது பெரிய கஷ்டமில்லை என்றார்.

அவளுக்குத்தான் கதவு இல்லாமல் போயிற்று. மதியத்தில் சில நாள் டாக்டர் பேச்சு எதுவும் ஓடாதபோதும் ஹெட்போனைக் கழற்றாமல், பெடலை மிதித்தபடி உட்கார்ந்திருப்பாள். தட்டாமல் சும்மா கிடக்கும் அவள் விரல்களை அவர் பார்ப்பார். 

சோதனைக் காலம் முடிந்த பிறகு, மே 14 அன்று, அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மார்ச்சில் விட்ட வேலைகள் குறிப்பில் இருக்கும் என்றாலும், ஏப்ரல் முதல் வேலை எதுவும் விடாததால் வீட்டிலிருந்தே தொடரலாம். இனி இதுகுறித்துத் தனிக் கடிதம் வராது. அக்கா அதை இரண்டு தடவை படித்துவிட்டு மோடத்தின் மேல் வைத்தாள்.

"என்ன எழுதியிருக்கு?"

"தொடரலாமாம்."

டிரைவர் வெகுநேரம் கதவுக்குப் பின்னால் தொங்கிய கம்பிச் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணும்னா அதை மறுபடி மாட்டிக்கோ. முன்ரூமுக்கே போ. ஸ்விட்ச்சுப் பக்கம் என் கை போகாது. வேணும்னா ஒரு மணி வாங்கிக் கொடு, அடிக்கிறேன்."

அக்கா மேஜையைப் பார்த்தாள், அட்டை வைத்த காலைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள்.

"மேஜையை யாருங்க தள்ளுறது?" என்றாள். ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஒரு காதில் மட்டும்.