பல்லிக்காக நாற்பது கிலோமீட்டர்

கடலூர் துறைமுகத்திலிருந்து சிதம்பரம் வரை நான் சைக்கிளில் போனது 2011 தை மாதத்தில், ஒரு சனிக்கிழமை. இதைப் போல இணையத்தில் பக்கம் தொடங்கி நல்ல காரியத்துக்குப் பணம் திரட்ட நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். எனக்கு வயது அறுபத்தேழு. எழுதப் படிக்க வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. இந்தக் கட்டுரைக்கு ஒன்பது நாள் பிடித்தது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குப்பத்து முதியோர் பள்ளியில் ஒன்பது பேர் சேர்ந்தோம். ஐந்து பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். எழுத்து தலையில் ஏறவில்லை என்றார்கள். பிறகு ஒரு கண் முகாமில் சோதித்தபோது தலையில் ஒன்றும் குறையில்லை, கண்ணில்தான் என்று தெரிந்தது. அந்த ஐந்து பேரில் என் மனைவி பாக்கியமும் ஒருத்தி. என்னை வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனதே அவள்தான். நான் படித்தேன், அவள் நின்றுவிட்டாள்.

கண்ணாடி ஒன்று ஐந்நூறு ரூபாய். எங்களுக்குப் பாடம் சொல்லும் மேரி டீச்சர் இணையத்தில் என் பெயரில் ஒரு பக்கம் தொடங்கினார். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை வழியில் உள்ள தமிழ்ப் பலகை எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக்கொண்டே சைக்கிளில் போவேன், படிக்க முடியாத பலகை வந்தால் இறங்கி நின்று படித்துவிட்டுத்தான் நகர்வேன். பக்கத்தில் கொடுத்த வாக்கு இதுதான். தலைப்பை நானே ஒற்றை விரலால் அடித்தேன். ஒரு மாலை முழுவதும் ஆனது.

‘முதியோர் பல்லிக்குக் கண்ணாடி வாங்க உதவுங்கள்.’

கணினியில் ல இருக்கும் விசையோடு இன்னொரு விசையையும் சேர்த்துப் பிடித்தால்தான் ள வரும். நான் ஒன்றை மட்டும் அழுத்தியிருக்கிறேன். மறுநாள் டீச்சர் பார்ப்பதற்குள் யார் யாரோ சிரித்து, நண்பர்களுக்கு அனுப்பி, இரண்டாயிரம் ரூபாய் விழுந்திருந்தது. ‘வயசான பல்லிக்கு என் அன்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். திருத்திவிடலாமா என்று டீச்சர் கேட்டார். ஊர் போய்ச் சேரும் வரை இருக்கட்டும் என்றேன்.

இரண்டாயிரம் என்றால் நான்கு கண்ணாடி. ஐந்தாவது யாருக்கு இல்லை என்று நான் சொல்லும் முன்பே பாக்கியம் சொல்லிவிட்டாள். “ஊர்ல காசு கேட்டுட்டு மொதல்ல உம் பொண்டாட்டிக்குப் போடுவியா? அவுங்க நாலு பேருக்கும் போடு. நான் எங்க போவப்போறேன்.” அதற்குப் பிறகு பணம் வரவில்லை. பயண நாள் வரை அதே இரண்டாயிரம்தான்.

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினேன். பாக்கியத்தின் தம்பி ராஜி, பலகைகளை நான் விடாமல் படிக்கிறேனா என்று பார்க்கத் தன் ஷேர் ஆட்டோவில் பின்னால் வந்தார். விடியும் வரை பலகைகளுக்கு அந்த ஆட்டோ விளக்குதான் வெளிச்சம். டீசலுக்கு நூற்றைம்பது ரூபாய் ஆனது, அவரே போட்டுக்கொண்டார்.

இந்தச் சாலையில் நாற்பது வருடம் மீன் விற்றிருக்கிறேன். அப்போது எனக்கு ஊர்களெல்லாம் மரம், வளைவு, நாய் குரைக்கும் வீடு என்றுதான் தெரியும். இப்போது ஒவ்வொரு ஊரும் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு நிற்கிறது. உரக்கடை, பஞ்சர் கடை, கட்சிக் கொடிமரம், காதுகுத்து விழா பேனர், எதையும் விடவில்லை. ஆலப்பாக்கம் தாண்டி ஒரு திருமண மண்டபத்தின் பெயர் மிக நீளம். இறங்கி நின்று ஆறு நிமிடத்தில் படித்து முடித்தேன்.

“மாமா, கல்யாணமே முடிஞ்சிடும்போல இருக்கு” என்றார் ராஜி.

“நீ படிச்சிக் காட்டு மச்சான்.”

“நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சவன். எனக்கு எதுக்கு அதெல்லாம்.”

எட்டு மணிக்குப் புதுச்சத்திரம். நான்கு இட்லி பன்னிரண்டு ரூபாய், டீ ஐந்து ரூபாய். டீச்சருக்கு போன் போட்டேன். பக்கத்தில் புதிதாக ஒன்றும் விழவில்லை என்றார். அதன் பிறகு மிதி கொஞ்சம் கனத்தது.

பி.முட்லூரில் பலகையைப் பார்த்துத்தான் ஊர்ப் பெயருக்கு முன்னால் ஒரு பி இருப்பதே எனக்குத் தெரிந்தது. அந்த பி என்னவென்று டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

“நான் பொறந்ததுலேர்ந்து பிதாங்க. நீங்க இன்னா சர்வே எடுக்கறீங்களா?”

“பல்லிக்குக் கண்ணாடி வாங்கப் போறாரு” என்றார் ராஜி. கடைக்காரர் காசு வாங்காமல் டீ கொடுத்தார். எந்தப் பல்லி என்று மட்டும் கேட்கவில்லை.

வெள்ளாற்றுப் பாலத்தில் எதிர்காற்று. இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். கோபுரம் தெரிந்ததும் கால் தானாக வேகம் பிடித்தது. சிதம்பரம் கீழவீதிக்கு வந்தபோது மணி பதினொன்று ஐம்பது. டீச்சரும் பாக்கியமும் பதினாறு ரூபாய் டிக்கெட்டில் பஸ்ஸில் வந்து காத்திருந்தார்கள்.

கண்ணாடிக் கடைக்குப் பக்கத்திலேயே பிரவுசிங் சென்டர். ஒரு மணி நேரத்துக்கு இருபது ரூபாய் கொடுத்துப் பக்கத்தைத் திறந்தோம். இரண்டாயிரத்து அறுநூறு என்று இருந்தது. காலையில் யாரோ முகம் தெரியாதவர் அறுநூறு போட்டு, ‘பெரியவர் இன்றைக்குத்தானே போகிறார்? பத்திரமாகப் போய்ச் சேரட்டும்’ என்று எழுதியிருந்தார். அதை நானே படித்தேன். இரண்டு முறை படித்தேன். என்னைப் பார்த்ததுகூட இல்லாத ஒருவர் எனக்காகக் கவலைப்பட்டிருக்கிறார்.

கண் முகாமில் குறித்த அளவைக் கொடுத்து முதலிலேயே ஐந்துக்கும் சொல்லிவைத்திருந்ததால், கடைக்காரர் ஐந்து கண்ணாடியும் தயாராக வைத்திருந்தார். பாக்கியம் போட்டுக்கொண்டு முதலில் என்னைப் பார்த்தாள்.

“இன்னாய்யா, இவ்ளோ கெழவனாயிட்ட.”

கொடுத்த இருபது ரூபாய்க்கு நேரம் மிச்சமிருந்தது. நன்றி எழுதலாம் என்று திரும்பப் போனோம். அவள் திரையருகே குனிந்து தலைப்பின் மேல் விரல் வைத்து எழுத்துக் கூட்டினாள். முதியோர் வரைக்கும் சரியாக வந்தாள். அடுத்த சொல்லில் விரல் நின்றது.

“பள்ளின்னா இந்த எழுத்துக்குப் பக்கத்துல ஒரு காலு எறங்கும்ல? ரெண்டுலயும் காணோமே. எல்லாரும் பல்லி பல்லின்னு சிரிச்சது இதுக்குத்தானா?”

ஆமாம் என்றேன்.

“இந்த லட்சணத்துல ஊரெல்லாம் காசு வாங்கிட்டு வந்துட்ட.”

இனி நீங்கள் கவனிக்க வேண்டியவை. பக்கத்தில் விழும் பணம் உடனே கைக்கு வராது. எங்களுக்குப் பதினோரு நாள் ஆனது, கமிஷன் கொஞ்சம் போனது. அன்றைக்கு டீச்சர் தன் கைப்பணத்தைப் போட்டார். தேவை எவ்வளவோ அதற்கு மேல் கேட்காதீர்கள். மிஞ்சியதில் சிலேட்டு வாங்கி, அதையும் பக்கத்தில் எழுதிவிட்டோம். சைக்கிளில் போவதானால் ஐந்து மணிக்குக் கிளம்புங்கள், வெயிலுக்கு முன் ஆற்றைத் தாண்டிவிடலாம். என்னைப் போல் எல்லாப் பலகையும் படித்தால் தாண்ட முடியாது.

தலைப்பில் பிழை இருந்தால் பயப்படாதீர்கள். எங்கள் பக்கத்தில் இப்போது பள்ளி என்றுதான் இருக்கும். அன்றைக்கே திருத்திவிட்டோம். சேர்த்துப் பிடிக்க வேண்டிய விசையை நான் பிடித்துக்கொண்டேன். எழுத்தை அவள் அழுத்தினாள்.