முருகலட்சுமியின் மடைமுறை

உச்சிப்புளிக்கு மேற்கே இருக்கும் அந்த ஊருக்கு, வெளிநாடு போனவர்களைக் கணக்கெடுக்கப் போனேன். ஊர்த் தலைவர் செல்லச்சாமி வீட்டுக்கு ஒரு ஆம்பளை பேர் எழுதிய தலைக்கட்டு நோட்டை விரித்து அறுபத்திரண்டு ஆண்களின் பேரையும் வாசித்தார். "எல்லாரும் இங்கனதான் இருக்காக. ஒருத்தரும் வெளிநாடு போகல" என்றார். ஆள் ஊரில் இல்லையென்று எழுதினால் ரேஷன் கார்டில் பேரை வெட்டிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். நானும் தெருவில் இறங்கிப் பார்க்காமல் பூஜ்யம் போட்டேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அடுத்து அங்கேயே, கண்மாய் மடையைத் திறந்ததும் யார் வயலுக்கு முதலில் தண்ணீர் பாய்ச்சுவது என்று முறை வைக்கச் சீட்டுக் குலுக்கினார்கள். பேர் வந்த ஆம்பளை தன் கையால் சீட்டை வாங்க வேண்டும். ஆள் வராத வீட்டுக்குக் கடைசி முறை. "பாண்டித்துரை" என்று வாசித்தார் செல்லச்சாமி. அவன் மனைவி முருகலட்சுமி எழுந்து வந்தாள்.

அவள் கதையைப் பிறகுதான் கேட்டேன். இரண்டு வருஷம் மழை பொய்த்து மிளகாய் கருகியதும், கீழக்கரை பாக்கர் வாங்கித் தந்த விசாவில் பாண்டித்துரை மஸ்கட் போனான். ஒன்பது வருஷத்தில் இரண்டு தடவை வந்தான். உழவுக்கு ஆள் பிடித்தது, வரப்பு வெட்டியது, மாமனாருக்குக் கொள்ளி வைக்க ஆள் தேடி அலைந்தது எல்லாம் அவள்தான். வயல் விளைந்தால் வந்துவிடுகிறேன் என்பான். ஆளில்லாத அவள் வயலுக்குத் தண்ணீர் முறை கடைசியாக வருவதற்குள் கண்மாய் வற்றி, போன இரண்டு தையிலும் நெல் பதராகப் போனது.

"ஆளில்லாத வீடு தாயி, கடைசிக்குப் போ" என்றார் செல்லச்சாமி.

"இப்பத்தான இங்கன இருக்காருன்னு எழுத வச்சீக, பெரியப்பா? இருந்தா சீட்டைக் குடுங்க. இல்லைன்னா இந்தப் பிள்ளைகிட்ட நிசத்தைச் சொல்லி எழுதச் சொல்லுங்க."

செல்லச்சாமி என் கையில் இருந்த படிவத்தைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு சீட்டை நீட்டினார். மூன்றாவதாகத் தண்ணீர் பாயும் முறை அவளுக்கு. அதைப் பார்த்ததும் பின்னால் நின்ற பெண்கள், வெளிநாட்டில் இருக்கும் புருஷன் பேருக்குச் சீட்டு வாங்க, ஒவ்வொருவராக முன்னால் வந்தார்கள். எண்ணினேன், இருபத்தாறு பேர். எண்ணவேண்டிய நேரத்தில் எண்ணாத கழுதை நான்.

திருத்தலாம் என்று பேனாவை எடுத்தேன். முருகலட்சுமி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "எழுதிராதம்மா. எழுதுனா தண்ணி போயிரும்."

அலுவலகத்தில் அதிகாரி என் படிவத்தைப் புரட்டினார். "பரவாயில்லையே, பிழைப்புத் தேடி ஒருத்தரும் வெளியே போகாத ஊர்" என்றார். அந்தப் படிவத்தை அவர் முகத்தில் எறிய வேண்டும்போல் இருந்தது. கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.