எக்ஸ்ரே அழவில்லை

சித்தி முப்பத்தொரு வருடம் ஒரு பெரிய மருத்துவமனையில் டைப்பிஸ்டாக இருந்தாள். நோயாளிகள் வீடு திரும்பும்போது கையில் கொடுத்தனுப்பும் குறிப்பைத் தட்டச்சு செய்வதுதான் வேலை. எந்த நாள் சேர்ந்தார், என்ன கோளாறு, என்ன மருந்து, மறுபடி எப்போது வர வேண்டும். டாக்டர் சொல்லாத ஒரு வார்த்தைகூட அதில் இருக்கக் கூடாது.

"கட்டிலை விட்டு இறங்கினதும் அந்தப் பெரியவர் முதல்ல செருப்பைத்தான் தேடினார். அதை எங்க எழுதுறது?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள். ஓய்வு பெற்ற மறுவாரமே அதை எழுதத் தொடங்கிவிட்டாள். இப்போது நான்கு வருடம் ஆகிறது.

என் அலுவலகத்துக்குப் பக்கம் என்பதால் நான் அவர்கள் வீட்டு மாடியறையில் தங்கியிருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்கும் வீட்டுக்கு வந்துவிடுவேன். சித்தி எழுதும் இடம் சமையலறையை ஒட்டி, சாமான் வைக்கும் சின்ன அறை. தலைக்கு மேலே அரிசி டப்பாக்கள், முழங்காலுக்குப் பக்கத்தில் வெங்காயக் கூடை, நடுவில் ஒரு மேசையும் பழைய கம்ப்யூட்டரும். பத்து மணிக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டுக்கு எழுந்திருப்பாள். குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் ஒரு பத்தி முடிய வேண்டும் என்பது கணக்கு. பத்தி முடியாத நாட்களில் பருப்பு குழைந்துவிடும்.

"உன் கதாநாயகி ஜன்னல் ஓரமா நிக்கட்டும். இங்க அடுப்பு ஓரமா யாராவது நிக்கணும்," என்பார் சித்தப்பா. அவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். காய் நறுக்குவது அவர் பொறுப்பு. பீன்ஸை அளவுகோல் வைத்தது போல ஒரே நீளத்தில் வெட்டுவார். கடைசியில் மிஞ்சும் குட்டைத் துண்டை என்ன செய்வது என்று தெரியாமல் வாயில் போட்டுக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை மகள் தன் குழந்தையைக் கொண்டுவந்து விடுவாள். அன்று எழுத்து கிடையாது. புதன்கிழமை பாதி நேரம்தான் எழுத்து, ஏனென்றால் மதியச் சாப்பாட்டுக்குத் தோழிகள் வருவார்கள். இரண்டே பேர், பழைய மருத்துவமனைக்காரர்கள். ஒருவர் வார்டு சிஸ்டர். இன்னொருவர் எக்ஸ்ரே பிரிவில் படம் எடுத்தவர். அவரை எல்லோரும் எக்ஸ்ரே என்றே கூப்பிடுவார்கள். சித்திக்கு அவர்கள் வைத்த பெயர் டைப்பு.

கண் வலிக்கிறது என்று சித்தி கதையைத் திரையில் திருத்துவதில்லை. அச்செடுத்து, அடுப்பருகே நின்று பென்சிலால் திருத்துவாள். திருத்திய தாள்களை வீணாக்க மனம் வராது. ஆஸ்பத்திரிச் சிக்கனம். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று அதில் பால் கணக்கும் சாமான் பட்டியலும் எழுதுவாள். வினை அங்கேதான் வந்தது.

ஒரு திங்கட்கிழமை, ஒரு மாத இதழிலிருந்து கடிதம் வந்தது. சித்தி அனுப்பிய பன்னிரண்டாவது கதையை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். முதல் பதினொன்றும் திரும்பி வந்தவை. அறுபத்திரண்டு வயதில் முதல்முறையாக அவள் எழுத்து அச்சில் வரப்போகிறது. புதன்கிழமை விஷயம் தெரிந்ததும் அதிகம் ஆர்ப்பாட்டம் செய்தது எக்ஸ்ரேதான்.

"கடைக்காரன்கிட்ட பத்து காப்பி சொல்லி வைக்கிறேன். என் தெருவுல ஒருத்தரையும் விடமாட்டேன். என்ன கதைடி?"

"வந்தப்புறம் படி," என்றாள் சித்தி. அவள் முகத்தைத் திருப்பிப் பாத்திரத்தைக் கிளறியதை நான் வெட்கம் என்று நினைத்தேன்.

அன்று பூசணிக்காய் சூப் வைத்திருந்தாள். எப்படிச் செய்வது என்று எக்ஸ்ரே கேட்க, சித்தி கைக்கெட்டிய தாளை எடுத்து எழுதிக் கொடுத்தாள். அவசரத்தில் உப்பை எழுத மறந்துவிட்டாள். வீட்டில் சூப் வைத்த எக்ஸ்ரே, உப்பு எப்போது போடுவது என்று தேடித் தாளைத் திருப்பியிருக்கிறார்.

பின்பக்கத்தில் இருந்தது அந்தக் கதையின் மூன்றாம் பக்கம்.

பதினெட்டு வருடத்துக்கு முன் எக்ஸ்ரேயின் கணவருக்கு இருமல் நிற்கவே இல்லை. ஒரு சாயங்காலம் அவரே தன் கணவரின் நெஞ்சைப் படம் எடுத்தார். இருட்டறையில் ஃபிலிமைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தபோது, டாக்டர் பார்ப்பதற்கு முன்பே அந்த நிழல் அவருக்குத் தெரிந்துவிட்டது. படம் எடுப்பவர் எதையும் சொல்லக் கூடாது என்பது விதி. மறுநாள்தான் டாக்டர் சொல்வார். அன்று ஒன்றும் தெரியாதவர் போலக் கணவரோடு பஸ்ஸில் வீட்டுக்குப் போனார். ஒரு வருடத்தில் கணவர் இறந்துபோனார். இதை எக்ஸ்ரே ஒரே ஒரு முறை, ஒரு புதன்கிழமை, சாப்பிட்டுக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

அடுத்த புதன் எக்ஸ்ரே வரவில்லை. சிஸ்டர் மட்டும் வந்து, மடித்த தாளைச் சித்தியிடம் நீட்டினார். "கொடுக்கச் சொன்னா. நான் பிரிச்சுப் பார்க்கல, நீயே பாரு."

சூப் கறை படிந்த தாள். 'இருட்டறையில் அவள் சத்தம் வராமல் அழுதாள்' என்ற வரிக்குக் கீழே பென்சில் கோடு. ஓரத்தில் ஒரே ஒரு வார்த்தை: பொய்.

மறுநாள் பத்து மணிக்குச் சித்தி மேசையில் உட்காரவில்லை. "கூட வரியாம்மா?" என்று என்னைக் கேட்டாள். அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுப் போனேன்.

எக்ஸ்ரே கதவைத் திறந்தார். "வா டைப்பு. இன்னிக்கு எதை எழுதிட்டுப் போகப் போற? ஒட்டடை நெறைய இருக்கு, பார்த்துக்கோ."

"யாருன்னு தெரியாத மாதிரிதானே எழுதியிருக்கேன்..."

"யாருக்குத் தெரியாது? இருமின ஒவ்வொரு தடவையும் அவர் பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட மன்னிப்பு கேட்பாரு. அதையும் எழுதியிருக்க. ஒரு பக்கத்துல முழு மனுஷனும் உட்கார்ந்திருக்காரு."

"நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. அதான் வயிறு எரியுது."

சித்தி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "அப்புறம் ஏன் பொய்னு எழுதின?"

"நான் அழல."

"அந்த இடத்துல கதைக்கு அது தேவைப்பட்டுச்சு."

"உன் கதைக்கு அழுகை தேவைன்னா நீ உட்கார்ந்து அழு. என் கண்ணைத் தொடாத." பிறகு குரல் இறங்கியது. "அச்சுக்குப் போயிடுச்சா?"

"செவ்வாய்க்கிழமை போகும்."

"போகட்டும். பத்து காப்பி சொன்னேன், வாங்கிடுவேன், வாக்கு மாற மாட்டேன். ஆனா புதன்கிழமை எனக்குத் தட்டு வைக்காத."

வெள்ளிக்கிழமை பேத்திக்கு ஊட்டும்போது சித்தி அடிக்கடி பாதியில் நிறுத்திவிட்டாள். குழந்தை வாயைத் திறந்தபடி காத்திருந்தது. சனிக்கிழமை அந்த வரியை மட்டும் எடுத்துவிட்டுக் கதையைச் சரிசெய்யப் பார்த்தாள். குக்கர் விசில் அடித்துக்கொண்டே போனது. நான் ஓடிப்போய் அணைத்தேன்.

"அவ இருட்டறைக்குள்ள போறா. வெளிய வர்றா. நடுவுல என்ன பண்ணினா?" என்று திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "எனக்குத் தெரியாது. தெரியாததாலதான் அழ வெச்சிருக்கேன். நாலு வருஷமா எங்கெல்லாம் எனக்குத் தெரியலையோ அங்கெல்லாம் யாரையாவது அழ வெச்சிருக்கேன்."

சித்தப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "எடுத்துடுன்னு நான் சொல்ல மாட்டேன்," என்றார். "பன்னிரண்டுல ஒண்ணு. அது சின்ன விஷயம் இல்ல." பிறகு, "ஆனா புதன்கிழமை நான் ரெண்டு பேருக்குக் குறைச்சு நறுக்கிப் பழகினதில்ல," என்றார்.

"இன்னும் சிஸ்டர் வர்றாங்களே."

"அவ இல்லாம சிஸ்டர் எத்தனை நாள் வருவாங்க?"

திங்கட்கிழமை பத்து மணிக்குச் சித்தி இதழ் ஆசிரியரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவர் கத்தியது சமையலறை வரை கேட்டதாகச் சித்தப்பா சொன்னார். "பக்கம் போட்டாச்சும்மா! இப்ப எடுத்தா அந்த இடத்துல நான் எதைப் போடுறது?"

"எதையாவது போடுங்க. மன்னிச்சிடுங்க."

"இனிமே எங்களுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி நல்லா யோசிச்சு அனுப்புங்க," என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு சித்தி அனுப்பிய எதற்கும் அங்கிருந்து பதில் வந்ததில்லை.

கதையை எடுத்ததை அவள் யாருக்கும் சொல்லவில்லை. நாங்களும் சொல்லக் கூடாது என்றாள். சொன்னால் கூலி கேட்பது போல ஆகிவிடுமாம். இரண்டு புதன்கிழமைகள் சிஸ்டர் மட்டும் வந்து, சீக்கிரம் சாப்பிட்டு, சீக்கிரம் கிளம்பினார்.

மூன்றாவது புதன், பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. எக்ஸ்ரே பத்து பிரதிகளையும் பையோடு கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் பொத்தென்று வைத்தார்.

"முதல் பக்கத்துலருந்து கடைசி வரை புரட்டிட்டேன். உன் கதை இருக்க வேண்டிய இடத்துல சோப்பு விளம்பரம் இருக்கு. ரொம்ப சுத்தமா வந்திருக்குடி."

சிஸ்டர்தான் முதலில் சிரித்தார். சித்தி தட்டு எடுக்க உள்ளே போய், திரும்பி வர நேரம் ஆனது.

ஆனால் பழையபடி ஆகிவிடவில்லை. எக்ஸ்ரே எதையாவது சொல்லத் தொடங்கினால், முதலில் சித்தியின் கை எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். பிறகு அதுவே ஒரு வழக்கமாகிவிட்டது. மருமகனைப் பற்றிக் குறை சொல்லும் முன், "இது சாப்பாட்டோட," என்பார். அப்படிச் சொன்னால் எழுதக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் பூனைக்குத் தலை வாரிவிடுவதைச் சொல்லும் முன், "இது உனக்கு, எடுத்துக்கோ," என்பார். சிஸ்டரும் அதைப் பிடித்துக்கொண்டார். சித்திக்கு முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு அவளே, "இது எதுக்கு? சாப்பாட்டோடயா, எனக்கா?" என்று கேட்க ஆரம்பித்தாள்.

போன மாதம் ஒரு புதன்கிழமை சிஸ்டருக்கு உடம்பு சரியில்லை. எக்ஸ்ரே மட்டும் வந்திருந்தார். சாப்பிட்டு முடித்து அவர் பாத்திரம் தேய்க்க, சித்தி அலச, நான் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு ரெண்டு படம் எடுத்தேன்," என்றார் எக்ஸ்ரே, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. "முதல் படத்தைப் பார்த்துட்டு வெளிய வந்து, 'நீங்க அசைஞ்சிட்டீங்க, படம் கலங்கிடுச்சு, இன்னொண்ணு எடுக்கணும்'னு சொன்னேன். அவர் மன்னிப்பு கேட்டாரு. அசையவே இல்லடி அவர். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு சிலை மாதிரி நின்னாரு. ரெண்டாவதுலயாவது அது இல்லாம இருக்கட்டும்னுதான்." தேய்த்த தட்டையே மறுபடி தேய்த்தார். "ரெண்டாவதுலயும் இருந்துச்சு. முதல் படத்தைக் கத்தரிச்சுப் போட்டேன். அசைஞ்சதுக்காக அவர் பஸ்ஸுலயும் மன்னிப்பு கேட்டுக்கிட்டே வந்தாரு."

சித்தி குழாயை மூடினாள். அவள் கை ஈரமாக இருந்தது.

"இது எதுக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

எக்ஸ்ரே அவளை நேராகப் பார்த்தார். "தெரியல. யோசிச்சுச் சொல்றேன். நீ தட்டை அலசு."

இன்னும் சொல்லவில்லை. சித்தி தினமும் பத்து மணிக்கு உட்கார்ந்து வேறு ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறாள்.