மல்லிக்கு இரண்டு, ஆர்க்கிட்டுக்குப் பதின்மூன்று

ஐஸ்பெட்டி பழுது பார்ப்பவனுக்கு எல்லா வீட்டிலும் ஒரே புகார்தான்: குளிர் போதவில்லை. இதே தொழிலில் முதுகு வளைந்த நீங்களும் கேட்டுக் கேட்டுப் புளித்திருப்பீர்கள்.

கைராசி

பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கில் பூமாலை கட்டி விற்பவர் பிலோமினா அக்கா. கோயிலுக்கும் கொடுப்பார், தேவாலயத்துக்கும் கொடுப்பார். மூடிப்போன குளிர்பானக் கடையிலிருந்து கண்ணாடிக் கதவு வைத்த பழைய சில்லர் ஒன்றை வாங்கியிருந்தார். மல்லி ஒரே நாளில் வாடுகிறது என்று என்னைக் கூப்பிட்டார். கேஸ் ஏற்றி, இரண்டு டிகிரியில் வைத்தேன். மூன்றாம் நாளும் மல்லி மொட்டாகவே இருந்தது.

"தம்பி, உன் கை பட்டா செத்த மிஷினும் எழுந்து உட்காருது லா!"

சனிக்கிழமை காலை

இரண்டு வாரம் கழித்து அவசரமாகப் போன் வந்தது. மறுநாள் பாலத்துக்கு அக்கரையில், செபராங் ஜெயாவில் கல்யாணம். மணமக்கள் மாலையும் மேடையும் முழுக்க ஆர்க்கிட். மண்டபம் அலங்கரிக்கும் சேகர் கொடுத்த முதல் ஆர்டர் அது. நன்றாக அமைந்தால் இனி எல்லாக் கல்யாணமும் அக்காவுக்கே என்று சொல்லியிருந்தார்.

சில்லரைத் திறந்தேன். முந்தின நாள் வைத்த ஆர்க்கிட் இதழ்கள் நனைந்த காகிதம் போலத் தொங்கின, ஓரமெல்லாம் பழுப்பு. பக்கத்துத் தட்டில் மல்லி சிரித்துக்கொண்டிருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தேன். சரியாக இரண்டு. வேறென்ன செய்வதென்று தெரியாமல் கேஸையும் பார்த்தேன். அதுவும் சரி. பழுது ஒன்றும் இல்லை என்றேன்.

"மிஷினும் நல்லா இருக்கு, நீயும் நல்லா இருக்க. என் பூ மட்டும் ஏன் தம்பி செத்துச்சு?"

இரண்டு கரண்டி எண்ணெய்

மனைவி போன பிறகு, வீட்டில் பேச்சுச் சத்தம் இல்லாததால், பள்ளிக்கூடத்து ஐந்தாம் படிவப் பழைய உயிரியல் புத்தகம் ஒன்றை அகராதியோடு படித்துவந்தேன். அதில் ஒரு பக்கம் நினைவுக்கு வந்தது. ஒவ்வோர் உயிரணுவையும் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய சவ்வு இருக்கிறது. அதில் சின்னச் சின்ன வாசல்கள். சூடு மிஞ்சினால் சவ்வு தளர்ந்து ஒழுகும். குளிர் மிஞ்சினால் கொழுப்பு இறுகி, வாசல்கள் மாட்டிக்கொள்ளும். அங்கங்கே விரிசல் விட்டு உள்ளே இருக்கும் சாறு கசியும். எந்தக் குளிரில் இறுகும் என்பது அந்தக் கொழுப்பைப் பொறுத்தது.

அக்காவுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அவர் சமையலறையிலிருந்து ஒரு கரண்டி பாமாயில், ஒரு கரண்டி நல்லெண்ணெய் வாங்கிச் சில்லருக்குள் வைத்தேன். அவர் பசாருக்குப் போய்ப் புது ஆர்க்கிட் வாங்கி வருவதற்குள் பாமாயில் வெள்ளையாக உறைந்திருந்தது. நல்லெண்ணெய் அப்படியே ஓடியது. மல்லி நல்லெண்ணெய் ஜாதி, ஆர்க்கிட் பாமாயில் ஜாதி, என்ன பூ வைப்பீர்கள் என்று கேட்காமல் இரண்டில் வைத்தது என் தப்புத்தான் என்றேன்.

"அதுக்கு இவ்ளோ குளிரும்னு தெரிஞ்சிருந்தா போர்வையாவது போத்தியிருப்பேன் லா."

மண்டபத்தில்

வேறு தெர்மோஸ்டாட் மாட்டிப் பதின்மூன்றில் நிறுத்தினேன். மல்லியை ஐஸ் போட்ட நுரைப்பெட்டிக்கு மாற்றினோம். ஞாயிறு காலை மாலைகளை என் வேனிலேயே ஏற்றிப் பாலம் கடந்தோம். சேகர் ஒவ்வோர் இதழாக விரலால் தடவிப் பார்த்தார். அக்கா வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் அவரே முந்தின நாள் சேகரிடம் சொல்லிவிட்டார் போலிருக்கிறது.

"அக்கா, அடுத்த மாசம் மூணு கல்யாணம் இருக்கு, நீங்கதான். ஆனா இந்த ஐஸ்பெட்டி அண்ணனை மட்டும் பூ பக்கம் விடாதீங்க லா!"

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் உள்ளே என்ன வைப்பீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் பெட்டியைத் தொடுகிறேன். அதனால் எனக்குத் தொழில் தெரியாது என்று பலர் நினைக்கிறார்கள்.