வம்புக்காக வாங்கிய காது மிஷின்

காது மிஷின் எதற்கு வாங்கினீர்கள் என்று யாராவது கேட்டால், டாக்டர் சொன்னார் என்று மரியாதையாகப் பதில் சொல்வேன். உண்மை அதுவல்ல. வம்புக்காக வாங்கினேன்.

எனக்கும் என் மனைவிக்கும் கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. எங்களுக்கு ஜாதகப் பொருத்தம் பிரமாதம் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். ஜாதகம் எல்லாம் இல்லை, வம்புதான். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்காருவோம். அவள் உதடு அசையாமல் பேசுவாள். மாப்பிள்ளையின் பெரியப்பா ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார், எதிர்வரிசை அம்மாள் யாருடைய வளையலை இரவல் வாங்கிப் போட்டு வந்திருக்கிறாள், எல்லாம் ரசம் வருவதற்குள் எனக்குத் தெரிந்துவிடும். சிரிப்பை அடக்கப் போய் எனக்குப் புரையேறும். அவள் ஒன்றும் தெரியாதவள் போல என் தலையில் தட்டுவாள்.

ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் என் காது மந்தமானது. மந்தமானது என்று இன்றைக்கு எழுதுகிறேன், அன்றைக்கு ஒப்புக்கொள்ளவில்லை. கடலூரில் இருக்கிற அத்தனை பேரும் கூட்டம் போட்டு, இனிமேல் முணுமுணுப்பது என்று தீர்மானம் செய்துவிட்டார்கள் என்றே நம்பினேன். கண்டக்டர், பால்காரர், டி.வி.யில் செய்தி வாசிக்கிற பெண், எல்லார் மேலும் எரிச்சல் வந்தது.

காது மந்தமானவனுக்குத் தன் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்பதும் தெரியாது. இதை நான் கீரப்பாளையத்தில் கற்றுக்கொண்டேன். என் மனைவியின் தம்பி மகளுக்கு அங்கே நிச்சயதார்த்தம். ஐயர் லக்னப் பத்திரிகை வாசிக்கிறார், மண்டபமே அமைதியாக இருக்கிறது. நான் மனைவி பக்கம் சாய்ந்து, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு கேட்டேன்.

"சம்பந்தி தலையில இருக்கறது சொந்த முடியா, கடையில வாங்குனதா?"

ஐயர் வாசிப்பதை நிறுத்தினார். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சம்பந்தியின் கை தானாகத் தலைக்குப் போனது. எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. மச்சான் வேகமாக வந்து என் தோளைப் பிடித்தான்.

"மாமா, உள்ள புழுக்கம் ஜாஸ்தியா இருக்கு. நீங்க வெளிய பந்தல்ல காத்தாட உக்காருங்க."

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனால் அன்றிலிருந்து என் மனைவி பந்தியில் பெண்கள் பக்கம் போய்விட்டாள். வீட்டில் அவசியமானதை மட்டும் கத்துவாள். "மோட்டார நிறுத்துங்க!" "கேஸ் வந்துருக்கு!" "சாப்புட வாங்க!" மூன்று வருஷம் எங்கள் தாம்பத்தியம் இந்த மூன்று வாக்கியத்தில் ஓடியது. வம்பு முழுக்கப் பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு பேரும் காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பதை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த அம்மாவுக்கு ஜலதோஷம் பிடித்தபோது உள்ளூர மகிழ்ந்தேன்.

கடைசியில் நானே இறங்கி வந்தேன். கடலூரில் காட்டினால் தெரிந்தவர்கள் கண்ணில் படுவேன் என்று சிதம்பரத்துக்குப் போனோம். காதைப் பரிசோதித்தது ஒரு இளம்பெண். என்னை ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் தோள் லேசாக அசைவது எனக்குத் தெரிந்தது. தோள் அசைந்தால் அமுக்கினேன். பள்ளிக்கூடத்தில் காப்பியடித்த காலத்துச் சாமர்த்தியம் இன்னும் போகவில்லை என்று பெருமையாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"சார், நான் துப்பட்டாவ சரி பண்ணுனேன். சத்தமே குடுக்கல."

வெளியே என் மனைவி சிரித்த சிரிப்பு எனக்குக் கேட்கவில்லை, பார்க்க முடிந்தது. நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார்கள். சுவரையே பார்த்தபடி காத்திருந்தேன். ரொம்ப நேரம் ஒரு சத்தமும் வரவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இரண்டு காதுமே பழுது, போனது திரும்பாது, மிஷின் வைத்தால் பேச்சு கேட்கும், முன்னாடியே வந்திருக்கலாம் என்றாள் அந்தப் பெண்.

மிஷின் மாட்டிக்கொண்டு திரும்பிய அன்று சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ் காலியாக நின்றது, ஏறி உட்கார்ந்தோம். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். என் மனைவி பழக்கதோஷத்தில் கத்தினாள். "தண்ணி பாட்டில எடுத்தீங்களா?"

"எதுக்குக் கத்துற? காது கிழியுது."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு எதிரே பார்த்தபடி, உதடு அசையாமல், மூன்று வருஷத்துப் பாக்கியை எடுத்து விட்டாள். கீரப்பாளையத்துச் சம்பந்தி அன்றோடு விக்கைக் கழற்றிவிட்டாராம், இப்போது ஆளே பார்க்க லட்சணமாக இருக்கிறாராம். எனக்குப் புரையேறியது. பட்டியல் நீண்டுகொண்டே போனது. நடுவில், அதே தாழ்ந்த குரலில், ஒன்று சொன்னாள்.

"ரெண்டு வருஷம் முன்னாடி தம்பி வூட்டுல ஒரு வாரம் இருந்தேனே, ஞாபகம் இருக்கா? அப்ப எனக்கு மார்ல ஒரு கட்டி. தம்பி பொண்டாட்டிதான் ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தா. ஊசி போட்டு எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புனாங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் சோறே எறங்கல. கடைசில சாதாரண கட்டிதான், பயப்பட வேணாம்னு சொல்லிட்டாங்க."

அந்த வாரம் எனக்கு ஞாபகம் இருந்தது. ஒரு வாரமாக ஓட்டல் சாப்பாடு என்று அவள் திரும்பி வந்ததும் சண்டை பிடித்தேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எப்படிங்க சொல்றது? தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தியா?"

எனக்கு அழுகை வந்தது. வம்பு போனதற்காக இத்தனை நாள் முறைத்துக்கொண்டு திரிந்தேன். என் பிடிவாதத்தால் அவள் அந்தப் பயத்தை என்னிடம் கொண்டுவர முடியாமல் தம்பி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

"கண்ண தொடைங்க, கண்டக்டர் பாக்கறாரு" என்றாள்.

டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பினார். அந்த இரைச்சலில் அவள் அடுத்துச் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. புரிந்தது போலத் தலையாட்டாமல், இன்னும் நெருங்கி உட்கார்ந்து, மறுபடியும் சொல்லச் சொன்னேன்.